என் மகளைக் குளிரில் வைத்த மூன்று நாட்கள்

நான் காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்கிறேன். எட்டாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. என் மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள். அவளுக்கும் அவளோடு படிக்கிற பிள்ளைகளுக்கும் புரியவேண்டும் என்று இதை எழுதுகிறேன். எங்காவது புரியாமல் போனால் தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தகர டின்களில் தண்ணீர் ஊற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். தண்ணீர் மெதுவாக உறைந்து, என் இடுப்புக்கு மேலே வருகிற கட்டியாக ஆகும். அதை மெஷினில் போட்டு உடைத்துப் படகுக்காரர்களுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் கொடுப்போம். பிள்ளைகளே, ஐஸ் போடுவது செத்த மீனுக்குத்தான். உயிரோடு இருக்கிற நண்டுக்கு எங்கள் ஊரில் யாரும் ஐஸ் போடமாட்டார்கள். ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். ஐஸில் வைத்தால் நண்டு செத்துவிடும். இது எங்கள் கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் அது மட்டும்தான் தெரிந்திருந்தது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் பிரசவம் என்று என் மனைவி எண்ணூரில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு மகள் பிறந்தாள். பிறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து, கையும் காலும் துணி மாதிரித் தொங்கின. அங்கிருந்த டாக்டரம்மா ஒரு சின்னப் பையை அமுக்கி அமுக்கி அவள் வாய்க்குள் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. அப்புறம் இன்னொன்று.

மூச்சு வந்ததும் நான் கும்பிட்டேன். டாக்டரம்மா தலையை ஆட்டினார். "இன்னும் முடியலப்பா. மூளைக்கு ஆக்சிஜன் போகாம இருந்திருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்கு ஒரு வைத்தியம் பண்றாங்க. பொறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும். இப்பவே கிளம்புங்க" என்றார்.

காலை நேரத்தில் எண்ணூர் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் கத்துகிறது, போக வழியில்லை. அப்போது ஒரு லாரியின் கிளீனர் கீழே குதித்து எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். ஒவ்வொரு லாரிக் கதவையும் கையால் தட்டிக்கொண்டே ஓடினார்.

"யோவ், லெஃப்ட்ல ஏத்துய்யா வண்டிய! உள்ள கொயந்த கீது! இன்னா பார்த்துகினு கீறே, ஏத்து!"

"எங்க ஏத்தறது, பள்ளம் கீது மாமு!"

"பள்ளத்துல இறங்குனா நான் தள்ளி வுடறேன், நீ ஏத்து!"

லாரிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின. அந்த ஆளின் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. முதுகில் வேர்வையில் ஒட்டிய பனியன் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்பது மணி தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். மகளை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் ஒருவர் காகிதத்தோடு வெளியே வந்தார்.

"குழந்தையோட உடம்பைக் குளிர வைக்கப் போறோம். மூணு நாள் அப்படியே வச்சிருப்போம். இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"எப்ப சார் செத்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "சாகலப்பா. உயிரோடதான் இருக்கு."

"அப்ப இன்னாத்துக்கு சார் ஐஸு?"

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பதினாறு வருஷமாக நான் எதற்கு ஐஸ் போட்டேனோ அதெல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. என் பிள்ளை போய்விட்டது, என்னிடம் நேராகச் சொல்ல மனம் வராமல் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, உயிரோடுதான் இருக்கிறது என்றால், ஐஸில் வைத்துக் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டில் எதுவானாலும் கையெழுத்துப் போடமாட்டேன், என் பிள்ளையைக் கொடுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கத்தினேன். பிறந்த குழந்தையைத் துணி சுற்றிச் சூடாக வைப்பார்கள், இதென்ன கூத்து என்று சுற்றி இருந்தவர்களிடம் நியாயம் கேட்டேன். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் கத்த ஆரம்பித்தபோது ஒன்பதரை.

அந்த வார்டில் வேலை செய்த ஒரு சிஸ்டர் வெளியே வந்தார். திருவொற்றியூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். எங்கள் பேச்சு, எங்கள் குரல். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா வேலை பண்றே நைனா நீ?"

"ஐஸ் ஃபாக்டரி, சிஸ்டர். காசிமேடு."

"மீனுக்கு எதுக்கு ஐஸ் போடறே?"

"கெடாம இருக்கத்தான்."

"ஐஸ் போட்டா மீனு கெடவே கெடாதா?"

"கெடும். மெதுவாக் கெடும்."

"அதான். உன் பொண்ணு உசுரோட கீது, நான் பாத்துட்டுதான் வரேன். ஆனா மூளையில அடிபட்ட இடம் அங்கயே நிக்காது, அடுத்த அடுத்த மணிக்கு பரவும். அத மெதுவாக்கத்தான் இந்தக் குளுரு. உங்க ஐஸ் மாதிரி ஒறைய வைக்க மாட்டோம். நமக்கு முப்பத்தேழு டிகிரின்னா, அதுக்கு முப்பத்து மூணரை. அவ்ளோதான். நீ ஒரு மணி நேரம் இங்க சண்ட போட்டா, அந்த ஒரு மணி நேரம் ஐஸ் போடாம வெயில்ல மீன வச்ச மாதிரி. புரிதா?"

புரிந்தது. ஐஸ் வரத் தாமதமானால் மீன் கூடை என்ன ஆகும் என்று எனக்குப் பாடமே எடுக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டேன். கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிஷம்.

நாற்பது நிமிஷம். இந்த நாற்பது நிமிஷத்தை அதற்கப்புறம் நான் தூக்கிக்கொண்டு அலைந்தது கொஞ்சநஞ்சமில்லை.

உள்ளே போய்ப் பார்க்கவிட்டபோது மகள் ஒரு மெத்தையில் இருந்தாள். மூக்கு வழியாகத் தொண்டைக்குள் குழாய், தலையில் வயர்கள். மெத்தைக்கு அடியில் குளிர்ந்த பலகைகளை அடுக்கியிருந்தார்கள். சிஸ்டர் திரையில் இருந்த நம்பரையே பார்த்துக்கொண்டு, ஏறினால் ஒரு பலகையைச் செருகுவார், இறங்கினால் ஒன்றை உருவுவார். அவர் வேலையைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. குளிரை நிறுத்திவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். தொட்டியில் உப்பு கொஞ்சம் குறைந்தாலே கட்டி சரியாக வராது. இந்த அம்மா கால் டிகிரிக்குள் நிறுத்தியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் என்னைத் தனியாகக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். எங்கள் ஃபாக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. ஐஸ் ரூமிலிருந்து ஒருவன் வெளியே வந்தால், பக்கத்தில் இருப்பவன் கேட்காமலே அவன் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பான். சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவன்கூடத் தேய்ப்பான். அன்றைக்கு நான் மகளின் பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. என் கை தானாகத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் பச்சைத் துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை விரித்து இடுப்பு வரைக்கும் போர்த்தியும் விட்டேன். இரண்டு காலையும் கைக்குள் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மெஷின் கூவியது. சிஸ்டர் ஓடி வந்தார்.

"அடப்பாவி! இன்னா நைனா பண்ணி வச்சிகினு கீறே? நாங்க ராப்பகலா கூலிங் பண்ணிகினு கீறோம், நீ குந்திகினு அடுப்பு மூட்டறியா?"

"கால் ஜில்லுனு கீது சிஸ்டர்..."

"ஜில்லுனுதான் கீணும்! கைய எடு. அப்பால போ. எழுந்திரு!"

துணியை உருவி, ஒரு பலகையைச் செருகி, நம்பர் இறங்குகிறவரைக்கும் என் பக்கமே திரும்பவில்லை. இறங்கியதும் பெருமூச்சு விட்டு, "கால தொட்டுக்கோ. தேய்க்காத, போத்தாத. சும்மா தொட்டுகினு பேசு. அதுக்குக் கேக்கும்" என்றார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். மீன் விலை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயந்திரம் என் மனைவியையும் அந்த ஆஸ்பத்திரிக்கே மாற்றிக் கூட்டிவந்தார்கள். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இளவயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். அவர் ஆராய்ச்சி செய்கிறவர். குழந்தைக்கு எப்படியும் டெஸ்ட்டுக்காக எடுக்கிற ரத்தத்தில் சில சொட்டு தனக்கு வேண்டும், அதற்கென்று தனியாகக் குத்தமாட்டோம், விருப்பம் இல்லையென்றால் வேண்டாம், வைத்தியத்தில் எந்த வித்தியாசமும் வராது என்று சொல்லிக் காகிதம் கொடுத்தார். தமிழில்தான் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "மரபணு வெளிப்பாடு" என்று ஒரு வார்த்தை. மரபணு என்றதும், டி.வி. சீரியலில் அப்பா யார் என்று கண்டுபிடிக்கிற டெஸ்ட்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"எம்மேல சந்தேகமா மேடம்? பொண்ணு என்னோடதுதான்" என்றேன்.

அந்த மூன்று நாளில் என் மனைவி சிரித்தது அப்போது மட்டும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாள். "யோவ், அதுக்கு டெஸ்ட்டு வேற வேணுமா? மூக்கப் பாத்தா தெரில? உன் மூக்கு அப்பிடியே ஒட்டிகினு கீது, பாவம் கொயந்த!"

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத செல் கோடி கோடியாக இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாச் செல்லுக்குள்ளும் மரபணு இருக்கிறது. மரபணு என்றால், என்ன செய்ய வேண்டும் என்கிற உத்தரவு. எல்லாச் செல்லிலும் அதே உத்தரவுகள்தான். ஆனால் எல்லா உத்தரவும் எப்போதும் வேலை செய்யாது. சுவிட்ச் மாதிரி சிலது போட்டிருக்கும், சிலது அணைந்திருக்கும். எங்கள் ஃபாக்டரியில் கம்ப்ரசர் ரூமில் ஒரு போர்டு உண்டு, நிறைய பல்பு இருக்கும். போர்டு என்றைக்கும் அதே போர்டுதான். ஆனால் எந்த பல்பு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று பார்த்தே, மெஷினைத் திறக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் ஆபரேட்டர் பாய் சொல்லிவிடுவார். ஆக்சிஜன் இல்லாமல் போகும்போது குழந்தையின் போர்டில் சில பல்பு அணையும், வழக்கமாக எரியாத சிலது பிரகாசமாக எரியும். அந்த மாற்றத்தை ரத்தத்தில் பார்க்க முடியுமா என்றுதான் அந்த டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தார். மூளையைத் திறந்து பார்க்க முடியாதல்லவா?

"பார்த்து என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி அடிபடறது இல்லண்ணா. சில பேருக்கு இந்தக் குளிர் போதும். சில பேருக்குப் போதாது. யாருக்கு எதுன்னு முதல்லயே தெரிஞ்சா, இனிமே வர்ற குழந்தைகளுக்கு உதவும். உங்க குழந்தைக்கு இதனால இப்போ லாபம் எதுவும் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அப்படி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இன்னொன்று புரியவில்லை. மூச்சுதான் வந்துவிட்டதே, அப்புறம் ஏன் அடி பரவுகிறது?

அதற்குப் பதில் எங்கள் பாய்தான் சொன்னார். வண்ணாரப்பேட்டையிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வெளியே டீக்கடையில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னதும், "இதுல இன்னா மாமு புரியல உனக்கு? கரண்ட்டு போனா மோட்டார் எரியுமா?" என்று கேட்டார்.

"எரியாது."

"எப்ப எரியும்?"

"திரும்பி வர்றப்ப."

"ஆங். ஒரே அடியா வந்தா மோட்டார் காயில் எரிஞ்சு பூடும். அதான நான் கரண்ட்டு போனதும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, வந்தப்புறம் ஒண்ணொண்ணா போடறேன்? கொயந்தைக்கும் அதான். காத்து திரும்பி வந்துச்சு இல்ல, அப்ப காயில் எரியாம டாக்டருங்க ஒண்ணொண்ணா போடறாங்க. மூணு பக்கமும் பவர் ஹவுஸ வச்சிகினு தெனம் கரண்ட்டு போற ஊர்ல பொறந்துட்டு, இது தெரிலன்ற?"

இதை நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "பாதிதான் சரி, ஆனா அந்தப் பாதி ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த அப்பாவுக்கு இதையே சொல்லப் போறேன்" என்றார். பாய்க்கு இன்றைக்கும் அதில் பெருமை.

நானும் மனைவியும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். போட்ட கையோடு, யாரும் இல்லாதபோது அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "அந்த ரத்தத்துல, நான் சண்ட போட்ட நாப்பது நிமிசம் தெரியுமா மேடம்? அதனால எதுனா கெட்டுப்போச்சான்னு?"

அவர் காகிதத்தை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆறு மணி நேரத்துக்குள்ளதான் ஆரம்பிச்சோம்ணா. சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லதுன்றதும் உண்மை. ஆனா இந்த ஒரு குழந்தைகிட்ட, இந்த நாப்பது நிமிஷம் என்ன பண்ணுச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. நானும் சொல்ல முடியாது" என்றார்.

நான்காம் நாள் காலையில் சூடு ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை டிகிரிதான். எல்லாரும் ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டார்கள், நான் கேட்கவில்லை. டின்னிலிருந்து கட்டியைக் கழற்றச் சுடுதண்ணீரில் முக்கினால் 'பட்'டென்று விரிசல் விட்டுவிடும். முப்பத்து நாலரை, முப்பத்தைந்து என்று நம்பர் ஏற ஏற, என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். முப்பத்தாறைத் தாண்டிய பிறகு மகள் வலது காலை இழுத்தாள். அப்புறம் முகத்தைச் சுளித்தாள். குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை, ஆனால் அது அழுகைதான். இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தபோது சத்தமும் வந்தது. சிஸ்டர், "அயுவு அயுவு, நல்லா அயுவு. உங்கப்பன் போட்ட சத்தத்துல பாதிகூட இல்ல" என்றார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் ஒரு சின்ன இடத்தில் அடி இருப்பதாகச் சொன்னார்கள். இடது கையில் அது தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றார்கள். தெரிந்தது. ஒரு வயதில் எல்லாவற்றையும் வலது கையால் மட்டுமே எடுத்தாள். வாரத்தில் இரண்டு நாள் என் மனைவி ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். மூன்று வருஷம், ஒரு வாரம் தவறாமல். நடந்தாள், பேசினாள், எங்களை எதிர்த்துப் பேசினாள், எண்ணக் கற்றுக்கொண்டாள். இடது கை மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகிறது.

அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் நாற்பது நிமிஷம் என்று எனக்குள் ஓடும். ஒரு நாள் மனைவியிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவள் மீனை அரிந்துகொண்டே கேட்டாள்.

"நாப்பது நிமிசம் இன்னாத்துக்கு சண்ட போட்டே?"

"கொன்னுடுவாங்கன்னு நெனச்சேன்."

"காப்பாத்ததான போட்டே. தப்பா போட்டே, ஆனா அதுக்குத்தான போட்டே. அப்பால கையெழுத்தும் நீதான போட்டே. விடுய்யா. அவ வளர்றா, நீ அங்கயே நின்னுகினு கீறே."

போன வருஷம் செக்கப்புக்குப் போனபோது அந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் வேலை இன்னும் முடியவில்லையாம். நிறையக் குழந்தைகளின் சொட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எந்த பல்பு எதைச் சொல்கிறது என்று பிடிபடும், அதற்கு இன்னும் நாளாகும் என்றார். என் மகள், "என்னோடதும் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார். அதைக் கேட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என் நாற்பது நிமிஷத்தைப் பற்றி நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

பெயர் தெரியாத அந்த லாரி கிளீனர், பையை அமுக்கிய டாக்டரம்மா, திட்டிக்கொண்டே என் பிள்ளையைக் குளிரில் காத்த சிஸ்டர், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டர், இவர்களுக்கெல்லாம் நான் என்ன திருப்பிக் கொடுக்க முடியும்? சில சொட்டு ரத்தம் கொடுத்தோம். அதுவும் மகளுடையது.

இன்று காலை அவள் யூனிஃபார்ம் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் துணியைப் பிடித்து, வலது கையால் பட்டனை நுழைக்க வேண்டும். இரண்டு தடவை நழுவியது. வெளியே ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் போட்டுவிடக் கையை நீட்டினேன்.

"இருப்பா. நானே போட்டுக்கறேன்" என்றாள்.

வாசலுக்குப் போய் ஆட்டோக்காரரிடம், "கொஞ்சம் இருங்க, பாப்பா வந்துகினு கீது" என்று சொல்லிவிட்டு நின்றேன்.